ஞாயிற்றுக்கிழமை காய்ந்த கால்சட்டை

கோல்டர்வைக் சபையின் மூத்த மூப்பர் ஹெஸ்ஸலுடைய கறுப்புக் கால்சட்டை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஊரே பார்க்க, ஒரு வீட்டுத் துணிக்கொடியில் கிளிப்புப் போட்டுக் காய்ந்தது. அதற்குக் கால் மணி நேரம் முன்பு அதே கால்சட்டையின் ஒரு காலைப் போதகரும் மறு காலைச் சபைச் செயலாளரும் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றார்கள். நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். கால்சட்டையைக் கையில் பிடித்திருந்த செயலாளரே நாலு வாரம் நம்பவில்லை என்றால், உங்களைக் குறை சொல்லி என்ன பயன்?

கோல்டர்வைக் ஹாலந்தில் அணைக்கரைக்குக் கீழே, கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிற ஊர். அதனால்தானோ என்னவோ, பரலோகத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கண்ட ஜனங்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் சைக்கிள் ஓடாது, அடுப்பு எரியாது, புல் வெட்டக் கூடாது. புல் வளரலாமா என்று சபையில் மூன்று வருஷம் விவாதம் நடந்தது. புல் அதற்குள் வளர்ந்துவிட்டதால் விட்டுவிட்டார்கள். மூப்பர் ஹெஸ்ஸல் இன்னும் ஒரு படி மேலே. சனிக்கிழமை சாயங்காலமே பிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கிவிடுவார். ஓய்வுநாளில் மனிதன் ஓயும்போது பிரிட்ஜ் மட்டும் ஏன் உறுமிக்கொண்டு உழைக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடிய வேத பண்டிதர் யாரும் எங்கள் மாகாணத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டவர்கள் எங்கள் சரித்திரத்திலேயே மூன்று பேர். ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார். ஒருவர் கத்தோலிக்கராகிவிட்டார், அதற்கு அவரும் கனடாவுக்கே போயிருக்கலாம் என்பார்கள். மூன்றாவது, மதகுக் காவலர் லம்மர்ட்டின் மனைவி ஃபென்னா. அவள் எங்கும் போகவில்லை. அதே வீட்டில், அதே கொடிக்குப் பக்கத்தில் இருந்தாள். சபைக்கு மட்டும் போகவில்லை.

நாற்பத்தொரு வருஷம் முன்பு, லம்மர்ட் புயலில் மதகைக் காத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மாதக் கைக்குழந்தைக்கு வாந்தியும் பேதியுமாகப் போனது. வீட்டில் உலர்ந்த துணி ஒன்றுகூட மிச்சமில்லை. ஃபென்னா துவைத்தாள், காயப்போட்டாள். ஆராதனைக்குப் போகிற வழியில் அப்போது இளம் மூப்பராயிருந்த ஹெஸ்ஸல் நின்றார், கொடியில் இருந்ததை இரண்டு தடவை எண்ணினார், அறிக்கை எழுதினார். சபை முன்னால் எழுந்து நின்று பாவத்தை ஒப்புக்கொள்ளும் வரை ஃபென்னாவுக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் இல்லை என்று தீர்ப்பாயிற்று.

"பிள்ளைக்கு வயித்தால போனதை நான் எழுந்து நின்னு ஒப்புக்கணுமாக்கும்? போங்கடா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள்தான். "அந்தக் கும்பல்ல ஒருத்தனுக்காவது உடம்புல மனுஷ ரத்தம் ஓடுதுன்னு தெரிஞ்சா அன்னிக்கு வர்றேன்."

தெரியவில்லை போலும். லம்மர்ட் தனியாகப் போய்வந்தார். இடது பக்கம் பன்னிரண்டாம் பெஞ்சு; பக்கத்தில் ஒரு காலி இடம். எங்கள் ஊரில் பிரசங்கத்துக்கு மூன்று பகுதி. பகுதிக்கு ஒரு பெப்பர்மின்ட். பெண்கள் கைப்பையிலிருந்து சுருளை எடுத்து, காகிதத்தைக் கிழித்து, பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுவார்கள். லம்மர்ட் நாற்பத்தொரு வருஷமாகச் சட்டைப்பையிலிருந்து தானே எடுத்துத் தனக்கே கொடுத்துக்கொண்டார். அப்படிக் கொடுத்துக்கொள்கிற பெப்பர்மின்ட்டில் காரம் இருக்கிறது, ருசி இல்லை.

இந்த வருஷம் ஃபென்னாவின் இருதயத்தில் ஒரு வால்வு பழுது என்று டாக்டர் சொன்னார். செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை, நெஞ்சைத் திறந்து செய்கிற ஆபரேஷன். அந்தத் தேதியைக் கேட்டதிலிருந்து லம்மர்ட்டால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கிறீச்சிடாத கதவுக்கு எண்ணெய் போட்டார். முந்தாநாள் வெட்டிய வேலிச்செடியை மறுபடி வெட்டினார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வியாழக்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் காலி இடத்தில் அவள் உட்கார வேண்டும்.

அந்த நேரத்தில்தான் போதகர் வெர்ஹூல் பிரசங்க மேடையிலிருந்து அறிவித்தார்.

"பிரியமானவர்களே, சபையால் காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று நம் மேல்சபையான சினாடு நமக்கு எழுதியிருக்கிறது. நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். நம் சபையில் அப்படி ஒருவரும் இல்லை. காயப்பட்டவர்கள் எல்லாம் வெளியே போய்விட்டார்கள். ஆனாலும் கீழ்ப்படிதல் நம் வழக்கமாதலால், காயப்பட்டோர்க்கான நிபந்தனையற்ற அன்பு ஆணையம் ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறோம். எந்த அன்பு, எவ்வளவு அன்பு என்று தீர்மானிக்க ஒன்பது கூட்டங்கள் நடந்தன. மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, பத்து முதல் பதினொன்றரை வரை, அன்பு வழங்கப்படும். கிருபை இலவசம், பிரியமானவர்களே! இலவசமானதைத்தான் அதிகக் காவலோடு வைக்க வேண்டும். விலை வைத்தால் வாங்க முடிந்தவன் மட்டும் வருவான். இலவசம் என்றால் எல்லாரும் அல்லவா வந்துவிடுவார்கள்!"

ஜனங்கள் அந்த ஆபத்தை நினைத்து நடுங்கினார்கள். லம்மர்ட்டுக்கு மட்டும் கால் தரையில் நிற்கவில்லை.

மூன்றாம் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சபை மண்டபத்துக்குப் போனார். கூட்டத்தைச் சமாளிக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். கூட்டம் என்பது லம்மர்ட் ஒருவர்தான். கயிற்றுக்குள் ஆறு திருப்பம் திரும்பி, இயந்திரத்தில் சீட்டு எடுத்தார். எண் ஒன்று. மேசைக்குப் பின்னால் செயலாளர் டீடரிக் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. குளிக்கும்போதுகூட டை கட்டியிருப்பார் என்று பேச்சு.

"நம்பர் ஒண்ணு!"

"நான்தாம்ப்பா, டீடரிக்."

"நம்பர் ஒண்ணு வந்திருக்காங்களா?"

"எதிர்ல நிக்கிறேனேப்பா."

"சீட்டைக் காட்டுங்க, பிரதர். ம், சரி. உக்காருங்க. காயப்பட்டது யாரு?"

"என் சம்சாரம் ஃபென்னா. உனக்குத் தெரியாதா? நீ சைக்கிள்ள விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டு வந்தப்ப அவதானே மருந்து போட்டா."

"அது தனிப்பட்ட முறையில தெரிஞ்சது. ஆபீஸ் முறையில இன்னும் தெரியாது." டீடரிக் அறுபத்துநாலு கேள்விகள் கொண்ட படிவத்தை விரித்தார். "காயம் எவ்வளவு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள."

"பத்து."

டீடரிக் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. நாலுக்குக் கீழ இருந்தா அது தொட்டாச்சிணுங்கித்தனம், நாங்க எடுத்துக்கிறதில்ல. ஏழுக்கு மேல போச்சுன்னா அது கசப்பு. கசப்பு பாவம். அதுக்கு வேற ஃபாரம், வேற கமிட்டி, வேற கிழமை."

"அப்ப எவ்வளவுதான்யா வலிக்கலாம்?"

"அஞ்சரைன்னு போட்டுக்கிறேன். ஆபத்தில்லாத நம்பர். அடுத்தது, அவங்க சபையை மன்னிச்சிட்டாங்களா?"

லம்மர்ட் தொப்பியைக் கையில் சுழற்றினார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

"மன்னிக்காதவங்களுக்கு எப்படி பிரதர் அன்பு குடுக்கிறது?"

"சரி, மன்னிச்சிட்டான்னு எழுதிக்கோ."

"மன்னிச்சிட்டாங்கன்னா காயம் ஆறிடுச்சு. காயம் ஆறினவங்களுக்கு இங்க என்ன வேலை? ஃபைலை மூடிடட்டுமா?"

"ஐயோ மூடாதப்பா!"

"அப்போ 'மன்னிக்கும் நிலையில் உள்ளார்'னு போடுறேன். இதோ, நிபந்தனைகள். பதினொண்ணு."

லம்மர்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தார். "நிபந்தனையில்லாத அன்புன்னுதானே போதகர் ஐயா சொன்னாரு?"

"ஆமா, அன்புக்கு ஒரு நிபந்தனையும் கிடையாது," என்றார் டீடரிக் பொறுமையாக. "வாங்குறவங்களுக்குத்தான். சினாடு பதினேழு கேட்டுச்சு. நாங்கதான் மனசு இரங்கிக் குறைச்சோம்."

முப்பத்தெட்டு வருஷம் மதகில் வேலை பார்த்தவர் லம்மர்ட். கைப்பிடியைச் சுழற்றினால் கதவு ஏறும், தண்ணீர் போகும். தண்ணீரிடம் நீ எந்த ஊர் என்று அவர் கேட்டதில்லை. ஆனால் ஆணையத்தின் கதவில் கைப்பிடியே காணோம். ஆணையத்தார் கதவைச் சுற்றி உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் ஃபென்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "என்னவாம்? எவ்வளவு அன்பு கிடைச்சுது? பையை எடுத்துட்டுப் போனீங்களா?"

"அஞ்சரை போட்டிருக்கான்."

"நாப்பத்தொரு வருஷத்துக்கு அஞ்சரையா?" ஃபென்னா சிரித்தாள். சிரித்துச் சிரித்து, திடீரென்று கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிறுத்தினாள். லம்மர்ட் எழுந்துவிட்டார். "உக்காருங்க, ஒண்ணுமில்ல. அந்தக் கட்டடத்துலேர்ந்து அன்பு வருமாக்கும்! அணை உடைஞ்சு கடல் வரும், மனுஷா, அது வராது."

வந்தது. சைக்கிளில் வந்தது.

நிபந்தனை நாலின்படி முழு அன்புக்கு முன் ஆறு வாரம் முன்னோட்ட அன்பு. புதன்கிழமை தோறும் காலை பத்தே காலுக்கு ஒரு மூப்பர் அந்த வீட்டைக் கடந்து போகையில் புன்னகை செய்ய வேண்டும். அந்த வீட்டு விவகாரத்தில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்று மூப்பர் ஹெஸ்ஸலையே நியமித்தார்கள். அவருக்கு வயது எண்பத்துநாலு, ஆறடி நாலங்குலம், மனைவி இறந்து தனியாக இருப்பவர். புன்னகை விஷயத்தில் முன் அனுபவம் இல்லை. கண்ணாடி முன் நான்கு நாள் பழகினாராம். அடுத்த வீட்டு நாய் அந்த நான்கு நாளும் கட்டிலுக்கு அடியில் கிடந்ததாகச் சொல்வார்கள்.

முதல் புதன்கிழமை ஃபென்னா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹெஸ்ஸல் வந்தார், பிரேக் போட்டார், உதட்டை இரண்டு பக்கமும் இழுத்து, இருந்த பல்லையெல்லாம் காட்டினார். ஃபென்னா வாளியைப் போட்டுவிட்டு அலறினாள்: "லம்மர்ட்! ஓடி வாங்க! ஹெஸ்ஸலுக்கு வாய் கோணிடுச்சு! டாக்டரைக் கூப்பிடுங்க!"

டாக்டர் வந்தார். ஹெஸ்ஸலைத் தோட்டத்து முக்காலியில் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். "சிரிச்சேன் டாக்டர், அவ்வளவுதான்," என்று ஹெஸ்ஸல் சொல்லச் சொல்ல, டாக்டர் அதையும் ஒரு நோய்க்குறியாக எழுதிக்கொண்டார். டீடரிக்கின் ஃபைலில் இப்படிப் பதிவாயிற்று: 'அன்பு செலுத்தப்பட்டது. பெறுநர் மருத்துவ உதவி கோரினார்.' அடுத்த புதன் முதல், பாதுகாப்புக் கருதி, ஐம்பது மீட்டர் தூரத்திலிருந்து புன்னகை செய்யப்பட்டது.

இப்படியே ஆகஸ்ட் வந்துவிட்டது. லம்மர்ட் நாள்காட்டியைப் பார்ப்பதும், மண்டபத்துக்கு ஓடுவதும், வேலியை வெட்டுவதுமாக இருந்தார். வேலி முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

"இன்னும் என்னப்பா பாக்கி?"

"நிபந்தனை ஒன்பது, பிரதர். இடச் சரிபார்ப்பு. காயம் பட்ட இடத்துல, காயம் பட்ட கிழமையில, காயம் பட்ட நேரத்துல."

"அது ஞாயித்துக்கிழமையாச்சே! நீங்க ஞாயித்துக்கிழமை வேலை செய்யலாமா?"

"வேலை செய்ய மாட்டோம். சும்மா நிப்போம், பாப்போம், மனசுல எழுதிக்குவோம். திங்கக்கிழமை பேப்பர்ல எழுதுவோம்."

ஃபென்னாவிடம் சொன்னபோது, "வரட்டும்," என்றாள். "காபி மட்டும் கேக்கக் கூடாது."

ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனைக்கும் நாலு மணி ஆராதனைக்கும் நடுவில், போதகர் வெர்ஹூலும் டீடரிக்கும் ஹெஸ்ஸலும் வந்து சேர்ந்தார்கள். மண்டை பிளக்கிற வெயில். மூன்று பேரும் கறுப்பு உடுப்பு, கறுப்புத் தொப்பி. துணிக்கொடியைச் சுற்றி மூன்று காக்கைகள் மாதிரி நின்றார்கள். டேப்பால் அளப்பது வேலை என்பதால் டீடரிக் கொடியின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு பழைய அறிக்கையை வாசித்தார்.

"'விரிப்புகள் ஆறு. குழந்தைத் துணிகள் பதினான்கு. தலையணை உறை ஒன்று. காற்று தென்மேற்கு.'"

"தலையணை உறை ரெண்டு," என்றது சமையலறை ஜன்னல்.

போதகர் கொடிக்கம்பத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். "இந்த இடத்தில் ஒரு காயம் பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதைச் சபை மறுக்கவில்லை; ஒப்புக்கொள்ளவும் இல்லை. இதுவே நம் தாழ்மை..."

"ஐயா," என்றார் ஹெஸ்ஸல்.

"கொஞ்சம் பொறுங்க, பிரதர். ...இந்தத் தாழ்மையை எவருக்கும் இரகசியமாக வைக்காமல்..."

"ஐயா!"

லம்மர்ட் பார்த்தார். ஹெஸ்ஸலின் முகம் சாம்பலாகிவிட்டிருந்தது. முந்தின நாள் புகைபோட்ட விலாங்கு மீன் வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று அதைப் பிரிட்ஜில் வைத்திருக்கிறார். பிரிட்ஜ் ஓய்வுநாளை ஆசரித்திருக்கிறது. அந்த வெயிலில், அந்த விலாங்கைத்தான் மத்தியானம் ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். மூப்பர் ஹெஸ்ஸலின் வயிறு, சினாடைக் கலந்துகொள்ளாமல், அங்கேயே ஒரு முடிவு எடுத்தது.

போதகர் வானத்தைப் பார்த்தார். டீடரிக் ஃபைலைப் பார்த்தார். ஃபைலில் இதற்கு இடம் இருக்கவில்லை.

சமையலறைக் கதவு திறந்தது. ஃபென்னா ஈரக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து ஹெஸ்ஸலின் முழங்கையைப் பிடித்தாள். "வாங்க. படி ஒண்ணு இருக்கு, பாத்து."

அவ்வளவுதான் சொன்னாள். எண் கேட்கவில்லை.

கால் மணி நேரத்தில் ஹெஸ்ஸல் கழுவித் துடைத்து, லம்மர்ட்டின் கோடுபோட்ட பைஜாமாவில் சமையலறை மேசைக்கு வந்து உட்கார்ந்தார். பைஜாமா அவருக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. ஃபென்னா அடுப்பை மூட்டி, சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கறுப்பு டீ வைத்தாள். பக்கத்தில் ரஸ்க். துவைத்துப் பிழிந்த கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு லம்மர்ட் தோட்டத்துக்கு வந்தார். அங்கே ஒரு புதிய நெருக்கடி பிறந்திருந்தது.

எங்கள் சபையில், பிரசங்க மேடைப் படிக்குக் கீழே, முறைக்கார மூப்பர் போதகரின் கையைக் குலுக்கி அனுப்ப வேண்டும். அந்தக் கைகுலுக்கல் இல்லாமல் போதகர் ஏற முடியாது, ஆராதனை தொடங்காது. அன்றைய முறை ஹெஸ்ஸலுடையது. கறுப்புக் கால்சட்டை அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. மணி மூன்று.

"அடுப்புல காட்டலாமா?" என்றார் லம்மர்ட்.

"அது சமையல்," என்றார் போதகர்.

"முடி உலர்த்துற மெஷின் இருக்கு."

"அது மெஷின்," என்றார் டீடரிக்.

"அப்போ கொடியில போட்டுடுறேன். காத்து அடிக்குதே."

இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். போதகர் கண்ணை மூடி யோசித்தார். "காத்து கர்த்தருடையது. காத்துல குத்தமில்ல. கிளிப்புதான் கருவி. கருவி இல்லாம, கொடியில படாம, கையால பிடிச்சுக்கிட்டு, காத்து தானா வந்து உலர்த்துனா..."

"அது உலர்த்துறதாகாது, ஐயா. ஏந்தி நிக்கிறது," என்றார் டீடரிக்.

அப்படித்தான் அது நடந்தது. போதகர் வெர்ஹூல் வலது காலைப் பிடித்தார். டீடரிக் இடது காலைப் பிடித்தார். நடுவில் கால்சட்டை காற்றை வாங்கிப் புடைத்து, மூன்றாவது ஒரு கனவான் மாதிரி நின்றது. லம்மர்ட் உள்ளே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பதா, அழுவதா, வேலியை வெட்டுவதா என்று அவருக்குப் புரியவில்லை.

மூன்றே முக்காலுக்கு மணி அடித்தது. அணைக்கரைமேல் ஜனங்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள்; முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், எண்ணியே வைத்திருக்கிறோம். முதல் தொப்பி தெரிந்ததுமே டீடரிக் இடது காலை விட்டுவிட்டு, தோட்டக் கொட்டகைக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கால்சட்டை புல்லில் விழப்போயிற்று. போதகர் அதைத் தனியாக மார்போடு அணைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சுழன்றார்.

ஃபென்னா வாயில் இரண்டு கிளிப்புகளைக் கவ்விக்கொண்டு வெளியே போனாள். "நகருங்க, ஐயா." கால்சட்டையை உதறினாள், தலைகீழாகக் கொடியில் போட்டாள், கால் விளிம்பில் ஒரு கிளிப்பு, மறு விளிம்பில் ஒரு கிளிப்பு. அணைக்கரைமேல் ஊர் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்கள் முதுகில் மோதினார்கள். காற்று தென்மேற்கிலிருந்து அடித்தது.

அவள் உள்ளே வந்தபோது ஹெஸ்ஸல் டீக்கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே தன் கால்சட்டை ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு," என்றார். "அன்னிக்குக் குழந்தைக்கு என்னம்மா ஆச்சு?"

ஃபென்னா கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"துணியை எண்ணுனேன். ரெண்டு தடவை எண்ணுனேன். ஏன் இவ்வளவு துணின்னு கேக்கல."

லம்மர்ட்டுக்கு அறுபத்துநாலு கேள்விகளும் மனப்பாடம். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். இந்தக் கேள்வி அதில் இல்லை.

ஃபென்னா நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். "மூணு நாள் கண்ணு தொறக்கல. நாலாம் நாள் விடியக்காலம் பாலுக்கு அழுதான்." மேசைவிரிப்பில் இல்லாத ஒரு சுருக்கத்தை விரலால் நீவினாள். "பொழைச்சுட்டான். நாப்பத்திரண்டு வயசு. டென்மார்க்ல கப்பல் கட்டுறான். தலையில முடிதான் இல்ல."

"பேரு?"

"ஏவர்ட்."

"ஏவர்ட்," என்று ஹெஸ்ஸல் திருப்பிச் சொன்னார். அந்த நெட்டை உடம்பு மேசைமேல் மெல்லக் குனிந்தது. "நான் வந்து... அம்மா, நான்..."

"ரஸ்க்கை டீயில நனைச்சுச் சாப்பிடுங்க," என்றாள் ஃபென்னா. "காஞ்சு போனது தொண்டையில சிக்கும்."

அன்று ஆராதனை ஆறு நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது. பெருவெள்ளத்தின்போதுகூட மூன்று நிமிஷம்தான் தாமதம். ஹெஸ்ஸல் ஈரக் கால்சட்டையோடு போதகரின் கையைக் குலுக்கினார். விளிம்பில் இரண்டு காலிலும் கிளிப்புக் கடித்த தடம் இருந்தது.

திங்கட்கிழமை டீடரிக் பேப்பரில் எழுதினார்: 'இடச் சரிபார்ப்பு முடிந்தது. காற்று தென்மேற்கு.' அவ்வளவே. ஆணையக் கூட்டத்தில் ஹெஸ்ஸல் எழுந்து, "அன்பு நடந்துச்சு, எழுதிக்கோ," என்றபோது டீடரிக் ஒத்துக்கொள்ளவில்லை.

"எந்தப் பக்கத்துலேர்ந்து நடந்துச்சு, பிரதர்? ஃபாரத்துல அந்த அம்மா வாங்குறவங்க. வாங்க வேண்டியவங்க குடுத்தா அது முறைகேடு. தவிர நான் எதையும் பாக்கல. கொட்டகையில இருந்தேன். இருட்டு."

"அதுக்கு முன்னாடி என் பேண்ட்டு ஒரு காலைப் புடிச்சிருந்தியே!"

"ஏதோ ஒரு துணி. பேண்ட்டுன்னு நிரூபணமாகல."

போதகரோ, ஆணையத்தின் முதல் அன்பு வெற்றிகரமாக அனுப்பப்பட்டது, ஒப்புகைச் சீட்டுக்காகக் காத்திருக்கிறோம் என்று சினாடுக்கு எழுதிவிட்டார். ஹெஸ்ஸல் மட்டும் மருமகள் வந்து எவ்வளவு கெஞ்சியும் கால்சட்டையை இஸ்திரி போட விடவில்லை. பிரிட்ஜின் ஒயரையும் பிடுங்குவதில்லை என்று கேள்வி. புதன்கிழமைகளில் பத்தே காலுக்கு வந்தார். ஆனால் சிரிக்க முயலவில்லை. சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, "ஏவர்ட்கிட்டேர்ந்து ஏதும் சேதி உண்டா?" என்று கேட்டார்.

செப்டம்பர் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை. ஆபரேஷனுக்கு நாலு நாள். லம்மர்ட் சட்டைப் பட்டனை மூன்றாவது தடவையாக மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஃபென்னா நீலக் கோட்டோடு மாடிப்படியில் இறங்கி வந்தாள்.

"எங்க போற?" என்றார் லம்மர்ட். அதைக் கேட்க நாற்பத்தொரு வருஷம் ஒத்திகை பார்த்திருந்தும் பட்டன் நாலாவது தடவையாக மாறிப் போயிற்று.

"அந்த ஆளு பேண்ட்டை இஸ்திரி போட்டுட்டானான்னு பாக்கணும். நடங்க, நேரமாச்சு."

வாசலில் டீடரிக் ஃபைலோடு நின்றார். "பிரதர், இது இன்னும் முடியலையே. அன்பு செலுத்தப்பட்டதுங்கிற கட்டம் காலியா இருக்கு. காலியா இருக்கும்போது இவங்க எப்படி..."

அவருக்குப் பின்னால் வந்த ஹெஸ்ஸல் காலைத் தூக்கி, சங்கீதப் புத்தகங்கள் அடுக்கிய மேசைமேல் வைத்தார். எண்பத்துநாலு வயதில் அது சாமானியமில்லை. விளிம்பைக் காட்டினார். "இது என்ன?"

"ஏதோ மடிப்பு, பிரதர்."

"ஃபென்னாம்மா, நீங்க சொல்லுங்க."

"இஸ்திரி போடல," என்றாள் ஃபென்னா திருப்தியாக. டீடரிக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

பன்னிரண்டாம் பெஞ்சில் லம்மர்ட்டுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்ததும் மரம் ஒருமுறை முனகியது. டீடரிக் பதின்மூன்றாம் பெஞ்சில், நேர் பின்னால், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போதகர் முதல் பகுதியைப் பேசினார், முடித்தார். சபை முழுக்கக் காகிதம் கிழிகிற சத்தம். லம்மர்ட்டின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போயிற்று.

அதற்குள் அவர் முன்னால் ஒரு கை நீண்டது. பெப்பர்மின்ட்டை வாயில் போட்டார். கண்ணில் நீர் வந்தது. காரம்தான் என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார்.

ஃபென்னா பின்னால் திரும்பிச் சுருளை நீட்டினாள். "எடுப்பா, டீடரிக்."

டீடரிக் மிரண்டார். "எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. எடு."

டீடரிக் ஃபைலைப் பார்த்தார். சுருளைப் பார்த்தார். தன் பழைய முட்டிக் காயத்தைக்கூட ஒருமுறை தடவினார். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். போதகர் இரண்டாம் பகுதிக்குத் தொண்டையைச் செருமுவதற்குள் லம்மர்ட் பின்பக்கம் சாய்ந்தார்.

"டீடரிக், நடந்துச்சா இல்லையா?"

டீடரிக் பெப்பர்மின்ட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். அது பெரிய பெப்பர்மின்ட். நிபந்தனை, உட்பிரிவு, விதிவிலக்கு எதுவும் புக அந்த வாயில் இடமில்லை.

"நடந்துச்சு," என்றார். கொஞ்சம் மென்றார். "இடது காலு என் கையிலதான் இருந்துச்சு."